சஹ்லா கூப்பிட்ட மாமி

"கடக்கரப் பக்கம் ஊடு வேணாமெண்டு பொத்துவில்ல வச்சே சொன்னனா, இல்லியா?"

"சொன்னாய். ஒனக்குப் பள்ளிவாசலுக்குப் பக்கத்துலயும் வேணும், முத்தத்துல மாமரமும் வேணும். எனக்கென்ன எண்ணெக் கிணறா இரிக்கி?"

ஆட்டோவின் பின்சீட்டில் இந்தச் சண்டை. ஓட்டியவன் என் கூட்டாளி இன்ஸாப். சண்டை பிடித்தது அவனுடைய மச்சான் றாஸிக்கும் மனைவி முஸ்பிறாவும். நடுவில் ஆறு வயது மகள் சஹ்லா. றாஸிக்குக்குக் கல்முனைக்கு வேலை மாற்றம். பள்ளிக்கூடம் தொடங்குமுன் வீடு பிடித்தாக வேண்டும். இன்ஸாப் சொன்னபடியே சொல்கிறேன்...

மஃரிப் தொழுகை முடிந்து இருள் விழும் நேரம். கடற்கரை வீதி. ஆளில்லை, நாய்கூட இல்லை. கடைசி வீடு. நல்ல வீடுதான்... மதில், கிணறு, விறாந்தை. கதவுப் பூட்டின் திறப்பு சந்திக் கடையில் இருந்தது. எடுத்துவர இன்ஸாப் ஆட்டோவைத் திருப்பினான்.

உள்ளே யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். கிறீக்... கிறீக்... பச்சைத் தேங்காய்ப்பூ மணம் யன்னலால் வந்தது. முன்பு இருந்தவர்கள் இன்னும் போகவில்லையாக்கும் என்று நினைத்த றாஸிக், விறாந்தையில் நின்று ஸலாம் சொன்னான்.

துருவுவது நின்றது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்." பெண் குரல். "இருங்க... வாறன்."

இருந்தார்கள். அவள் வரவில்லை. மறுபடி கிறீக்... கிறீக்... நல்ல மனிசி போலக் கிடக்கு என்று முஸ்பிறாவே கொஞ்சம் இளகிவிட்டாள்.

அப்போதுதான் றாஸிக் கதவைப் பார்த்தான். வெளியே பூட்டு. துருப்பிடித்த பூட்டு. அதன் மேல் சிலந்தி வலை.

இன்ஸாப் திறப்போடு வந்தான். இந்த வீட்டில் ஆளிருந்து கனகாலம் என்று கடைக்காரர் சொன்னதைச் சொல்லிக்கொண்டே வந்தவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. யாரும் கதவைத் திறக்கவில்லை. ஆட்டோவில் ஏறப் போனார்கள்.

சஹ்லா மட்டும் படியில் திரும்பி நின்றாள். எந்த வீட்டிலிருந்தும் பயணம் சொல்லாமல் வரக்கூடாதென்று உம்மா பழக்கிய பிள்ளை.

"மாமி, போயிட்டு வாறம். நீங்களும் எங்கட ஊட்டுக்கு வாங்க."

"ஓம் மகள்... வாறன்."

பிறகு முஸ்பிறா கேட்டபடியே வீடு. பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கை, இரண்டு பக்கமும் ஆட்கள். சாமான் வந்த அன்று பட்டப்பகல். றாஸிக் பூட்டைத் திறந்து, வலது காலை வைத்து, வெறும் வீட்டுக்கு ஸலாம் சொன்னான். அவர்கள் தேங்காய் துருவும் துருவலை இன்னும் லொறியில், சாக்குக்குள்.

குசினி அடுப்படியில் கிறீக்... கிறீக்... என்று துருவுவது நின்றது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

"மாமி வந்துட்டா!" சஹ்லா வாப்பாவின் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

யாஸீன் ஓதினார்கள். தண்ணீர் ஓதித் தெளித்தார்கள். வீடும் மாற்றிப் பார்த்தார்கள். புது வீட்டுக்கு இவர்கள் போகுமுன் அவள் போய்விடுகிறாள். பார்க்க வந்த ஆலிம் தலையைக் குனிந்துகொண்டு, அது அத்துமீறி வரவில்லை, கூப்பிட்டு வந்திருக்கு என்று மட்டும் சொன்னாராம்.

முஸ்பிறா இப்போது றாஸிக்கோடு சண்டையே பிடிப்பதில்லை. பிள்ளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஏனென்றால் நேற்றுச் சோறு தின்னும்போது சஹ்லா சொல்லியிருக்கிறாள்:

"மாமி என்னயும் அவட ஊட்டுக்கு வரச் சொன்னா, உம்மா. நான் ஓமெண்டுட்டன்."

எப்போது என்று கேட்டால் சொல்கிறாளில்லை.

சொன்ன சொல்லை மரியாதையோடு திருப்பி வாங்க ஒரு வழி இருக்கா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.