மர்ஜானாவின் எதிராளி

பழைய ஆட்டத்தில் எழுத்துகள் எறும்பு அளவுக்கு இருக்கும். முதலில் அவற்றைப் பெரிதாக்கினேன். நாற்பதைத் தாண்டியவர்களும் கைபேசியில் ஆட வேண்டுமல்லவா.

நானும் ஃபாயிஸும் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்தபோது கணினி அறையில் அந்த ஆட்டம் இருந்தது. இரண்டு கோட்டைகள், குதிரைகள், நடுவில் ஓர் ஆறு. ஒருவர் நகர்த்திவிட்டு, மற்றவர் நகர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அவன் வளைகுடாவுக்கு டைல்ஸ் ஒட்டப் போனான். நான் சூளை வேலையை விட்டேன். உரிமை வைத்திருந்தவர்களிடம் எழுதி வாங்கி, ஆட்டத்தைப் புதிதாகக் கட்டினேன். நான்கு வருடம் ஆயிற்று.

இப்போது ஆடுகிறவர்கள் காத்திருப்பதில்லை. எதிராளி ஒரு நாள் வராவிட்டால் போய்விடுகிறார்கள். அதனால் ஒரு நிரல் எழுதினேன். வராதவருடைய பழைய ஆட்டங்களைப் படித்து, அவரைப் போலவே, அவர் பெயரிலேயே அது நகர்த்தும். எதிரில் ஆடுபவருக்குத் தெரியாது. விளம்பரத்தில் 'எதிரில் எப்போதும் மனிதர்' என்று போட்டிருந்தேன். ஆட்கள் வந்ததே அந்த வரிக்காகத்தான்.

ஃபாயிஸும் அவன் மனைவி மர்ஜானாவும் நாளுக்கு ஒரு முறை நகர்த்தி ஆடினார்கள். அவள் எனக்கு அடுத்த தெரு. பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

"ஒங்க கூட்டாளி குதிரைய எல்லாம் கோட்டைக்குள்ள பூட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்கண்ணே. பொண்டாட்டிகிட்ட தோக்க அவ்ளோ பயம்."

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. மறுநாள் நிரல் நகர்த்தியது. அதன்பின் தினமும் அதுதான். அவனுடைய போன் அணைந்திருந்தது. பெருநாளுக்கு வர முடியாது என்று சொன்னதில் இருவருக்கும் சண்டை. கோபத்தில் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் அவன் அம்மா ஜைத்தூன் பீவி, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்றார். மர்ஜானா என்னிடம் வந்தாள்.

"பேச மாட்டாங்களாம், ஆட மட்டும் ஆடுவாங்களாம். மாமி பயப்படுறாங்க. ஆடுறது அவங்கதான, குருமூர்த்திண்ணே?"

"அவன்தாம்மா. வேற யாரு குதிரைய அப்புடிப் பூட்டி வப்பா?"

அவள் சிரித்தாள். மனு கொடுக்கவில்லை. நிம்மதியாகத் திரும்பிப் போனாள். அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தாறாம் நாள் தகவல் வந்தது. அவன் இறந்தது இருபத்து நாலாம் நாள். மர்ஜானா கைபேசியை என் முன் நீட்டினாள்.

"மவுத்தானதுக்கு அப்புறம் பன்னெண்டு தடவ நகர்த்தியிருக்காங்கண்ணே. யாருண்ணே அது?"

நீங்கள் என்னை அழைத்து வந்தது அந்தப் பன்னிரண்டுக்காக. நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது.

பதினோராம் நாள் ஃபாயிஸ் ஆட்டத்துக்குள் வந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய போன். ஆட்டத்துக்குப் பெயரும் கடவுச்சொல்லும் போதும். எதிராளிக்கு எழுத அதில் ஒரு கட்டம் உண்டு. எழுதியது அடுத்த நகர்த்தலோடுதான் போகும். அன்று காலையே நிரல் அவனுக்காக நகர்த்திவிட்டிருந்தது. ஆகவே அவன் எழுதியது என் சர்வரில் நின்றது.

"மர்ஜானா, ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. காய்ச்சல் விடல. எம்பசிக்கு சொல்லு. இந்தக் காயெல்லாம் நான் நகர்த்தல."

கீழே கம்பெனியின் பெயர், தெரு, கட்டட எண்.

அவள் நகர்த்தியதும், நிரல் தன் பதில் நகர்த்தலோடு அதையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். 'நான் நகர்த்தல' என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு அழித்தேன்.

தூதரகத்துக்கு நானே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் அது அவன் மனைவிக்கு எழுதியது. புருஷன் பெண்டாட்டி நடுவில் மூன்றாவது ஆள் நுழைவது முறையல்ல.