ஒருத்தருக்குத்தான் இடம்

சாயங்காலம் மூன்றே முக்கால். ஏரிக்குப் போகிற சாலை... எட்டு கிலோமீட்டருக்கு எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

நெருங்கி உட்காருங்கள். முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாராவது அது எப்படி என்று கேட்டால் எழுந்து போய்ப் படுத்துவிடுவேன். எப்படி என்று எனக்கும் தெரியாது. நடந்தது என் சிநேகிதனுடைய சித்தப்பாவுக்கு.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம். லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும், எத்தனை பேர் ஏறினார்கள், அதில் எவன் குண்டு என்று அவர் பாதமே சொல்லிவிடும். அதனால் மச்சான்காரன் அவருக்கு வைத்த பெயர் ஓவர்லோடு. மச்சான் என்றால் சித்தியின் தம்பி. முப்பது வயது, தொண்ணூறு கிலோ, வாயைத் திறந்தால் கிண்டல். அவனுக்கு ஏழு வயதில் அம்மா போய்விட, சித்திதான் சோறூட்டி வளர்த்தாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். மூன்று பேரும் ஏரிக்குக் கிளம்பும்போதே சித்தப்பாவிடம் சொன்னாள், அவனுக்கு நீச்சல் தெரியாது, நீங்கதான் பொறுப்பு என்று.

துறையில் வாடகைக்கு பேட்டரி படகு. மோட்டார் ஓடுகிறதா என்றே தெரியாது... கொசு பாடுகிற மாதிரி ஒரு 'ங்ஙீ'. அவ்வளவுதான். துறைக்காரர் ஆளுக்கொரு ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். ஏரியின் கடைசியில் இரண்டு மலைக்கு நடுவே ஓர் இடுக்கு. ஏரித் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஆறாக வெளியே ஓடுகிறது. துறைக்காரர் அதைக் காட்டி விரலை ஆட்டிச் சொன்னார்.

"போறப்ப பேட்டரி இறங்கவே இறங்காது. அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. எண்பது காட்டுனா திரும்பிடுங்க."

சித்தப்பா தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். லிஃப்டில் மறுபக்கம் எதிர் எடை ஒன்று தொங்கும். ஏறினாலும் இறங்கினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மனிதர் ஆற்றுக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டார். பெரிய மேதாவி.

ஏரி அழகாகத்தான் இருந்தது. இடுக்குக்குள் நுழைந்ததும் வெயில் பட்டென்று போய்விட்டது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்... டொப்... டொப். நாலு நாள் வாளியிலேயே கிடந்த துணியின் வாடை. வலது பக்கம் ஒரு பாறைத் திட்டு, நாலு பேர் பாய் விரித்துப் படுக்கலாம். மச்சான் படகைத் திட்டோரமாக நிறுத்தச் சொல்லி அதில் இறங்கினான். அக்காவையும் மாமாவையும் படம் எடுத்தான். திரும்பி ஏறினான்.

ஏறினது ஒரு தடவை. படகு தாழ்ந்தது... இரண்டு தடவை.

சித்தப்பாவின் பாதம் குளிர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். மச்சான் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்து இருக்கை காலி. சொல்லலாமா என்று யோசித்தார். சொன்னால் ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவான். படகைக் கிளப்பினார்.

இன்னும் உள்ளே போனார்கள். எண்பத்தொன்று காட்டியது. எண்பது. எழுபத்தெட்டில்தான் திருப்பினார். அப்புறம் பார்க்க வேண்டுமே... ஐம்பது. முப்பத்தாறு. தண்ணீர் எதிர்த்துத் தள்ளுகிறது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி. மூன்று பேருக்கு இவ்வளவு தாழாது என்று அவருக்குத் தெரியும். அந்தத் திட்டுக்கு வந்து சேர்ந்தபோது பத்தொன்பது. இருட்டிக்கொண்டு வந்தது. போனில் சிக்னல் இல்லை.

கனத்தைக் குறைத்தால் போய்விடலாம் என்றார். மச்சானுக்குப் புரிந்துவிட்டது. நான்தானே மாமா மூட்டை, அரை மணி நேரத்தில் வேறு படகோடு வாங்க என்று சிரித்தபடியே எழுந்தான். சித்தியும் எழுந்தாள்.

"நானும் அவனோட இறங்கிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

நியாயமான யோசனை. இன்னும் கனம் குறையும். ஆனால் அந்தக் காலி இருக்கையோடு தனியாகப் போக சித்தப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அங்க ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு."

மச்சான் இறங்கினான். படகு எழும்பியது. சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்... இன்னொரு தடவை எழும்பியது.

அதுவும் அவனோடு இறங்கிவிட்டது. தெரிந்தது அவருக்கு, நன்றாகவே தெரிந்தது. முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. மோட்டார் கைப்பிடியை முறுக்கினார்.

படகு விர்ரென்று போயிற்று. பின்னால் மச்சான், "ஏ ஓவர்லோடு" என்று பாட்டாகப் பாடினான். பாறை அதைத் திருப்பிச் சொன்னது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை... டொப்... டொப். அப்புறம் அவன் குரல், தணிவாக.

"அக்கா... நீ ஏன் இறங்குன? மாமா தனியா போறாரே."

சித்தி படகில் இருந்தாள். சித்தப்பாவுக்கு நேர் எதிரே.

தம்பி, நான் இங்கே இருக்கிறேன் என்று தொண்டை கிழியக் கத்தினாள். பதில் அவளுக்கு வரவில்லை. அவன் பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

திருப்புங்கள் என்று சித்தி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பேட்டரி பதினொன்று. அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். நேராகப் பார்த்து ஓட்டினார். அதற்கப்புறம் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

துறைக்காரரோடு பெரிய விளக்கும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். சித்தியும் போனாள். திட்டில் ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் இருந்தது. ஈரமே இல்லை. முன்பக்கத்து மூன்று கிளிப்பும் போட்டது போட்டபடி. உள்ளே ஆள் இல்லை. சித்தி அந்தத் திட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தாள். எவ்வளவு பெரிய இடம் என்று பார்த்தாள். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர்கள் வீடு ஏழாவது மாடி. பழைய லிஃப்ட், மூன்று பேர் நிற்கலாம், இருநூறு கிலோவுக்கு மேல் போனால் மணி அடிக்கும். இரண்டு பேரும் சேர்ந்தால் நூற்றுப் பதினெட்டு. காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பிய அன்று சித்தப்பா ஏறினார். லிஃப்ட் லேசாகத் தாழ்ந்தது. சித்தி ஏறினாள். தாழ்ந்தது. பிறகு... இன்னொரு தடவை, ஆழமாக. மணி அடித்தது. இடுக்கில் அடித்த அதே வாடை.

சித்தி ஆச்சரியப்படவில்லை. பருமனான ஆளுக்கு விடுகிற மாதிரி ஓரமாகத் தள்ளி நின்றாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் புருஷனிடம் முதல் தடவையாகப் பேசினாள்.

"நீங்க இறங்கிக்கங்க. இங்க ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கு."

இறங்கினார். மணி நின்றது. கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் அவரே லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். லிஃப்டில் ஒரு குறையும் இல்லை. ஏழு மாடியும் இன்றுவரை படியில்தான் ஏறுகிறார். அவர் மூச்சு வாங்கி மேலே போய்ச் சேருகிறபோது, வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும்... சித்தி யாருக்கோ சோறு பிசைந்துகொண்டிருப்பாள்.