மூத்தவள் பெயர் இல்லாத பாஸ்போட்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர். இளையவளின் மடியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டே பிள்ளைங்கன்னு சொல்லிட்டேன்க்கா. மூத்தவ இவ பேரச் சொல்லவே இல்ல," என்றாள் இளையவள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"மகாவலியில கட்டுற அணை நிக்கணும்னா தலைச்சன் பிள்ளைய பலி குடுக்கணுமாம். லயத்து வீடுங்க பூரா அதே பேச்சு. அந்த நேரம் பாத்து ஒரு ஐயா நோட்டோட வந்து பிள்ளைங்க பேரெல்லாம் கேட்டாரு. பயந்துபோயி இவள விறகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிட்டேன்."

"அப்புறம்?"

"தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புறதுக்குத்தான் அவரு பேர் எழுதுனாராம். இப்ப பாஸ்போட் வந்திருச்சு, அதுல இவ இல்ல. அடுத்த மாசம் கப்பல்."

"அடிப்பாவி! பதுளை கச்சேரி ஆபீசுக்குப் போயி உள்ளதச் சொல்ல வேண்டியதுதானே?"

இளையவள் முந்தானையை இழுத்துச் சிறுமியின் முகத்தை மூடினாள்.

"கச்சேரி வாசல் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பி வர்றேன்க்கா. சொன்னா, தலைச்சன் எதுன்னு தெரிஞ்சு போயிருமே. அணைய இன்னும் கட்டி முடிக்கலியே."