கிளையில் ஒரு பூவும் மிச்சமில்லை

காபிக்கு நன்றி. பால் மட்டும் வேண்டாம். சிறு வயதிலிருந்தே எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் மொழிபெயர்ப்பாளர் மட்டும் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். அவருடையது ஹவாய்க் கரும்புத் தோட்டத்து ஜப்பானியம். கவிதை வரும் இடங்களில் தடுக்கி விழுகிறார்.

நான் யமகதாவில், பனி கூரையைத் தொடும் ஓர் ஊரில் பிறந்தவன். படைப் பள்ளியில் குதிரையேற்றத்தில் கடைசி. ஒரு வசந்தத்தில் செர்ரி மரங்களின் கீழே ஜெனரல்கள் சாகே மது குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கிண்ணத்தில் இதழ் விழுந்தது. நான் உடனே மூன்று வரி சொன்னேன். அவர் கண் கலங்கினார். சீக்கிரமே நான் மேஜர் ஆனேன். பிறகு மஞ்சூரியாவில் என் படை பனியில் நின்றது. பலருக்குக் கால்விரல்கள் போயின. அந்தப் பனியைப் பற்றி நான் எழுதிய கவிதைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு ஒரு கடற்படைக்காரருக்கு. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மஞ்சூரியாவிலிருந்தே கமேஸோ என்னிடம் ஏவலாளாக இருந்தான். ஒசாகாவில் தெருத்தெருவாக டோஃபு, அதாவது சோயாப்பால் கட்டி, விற்றவன், வாய் நீளம். நான் உண்பதை முதலில் அவன்தான் ருசி பார்ப்பான். எதிரி நஞ்சு வைத்திருக்கக் கூடாதல்லவா. இந்தத் தீவுக்கு நாங்கள் வந்தபோது, கையில் எழுதும் தூரிகையோடு நான் மேலே பார்ப்பதைக் கண்டு சொன்னான்:

"ஐயா, இங்க செர்ரி மரம் கெடையாது. எல்லாம் தென்னைதான். தென்னையிலேருந்து உதிர்ந்தா கவிதை வராது, மண்டைதான் ஒடையும்."

நான் கோபப்படவில்லை. படையினருக்கு நான் தகப்பன் மாதிரி.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோல்வி உறுதியானால் தளபதி விடைபெறும் கவிதை ஒன்று எழுதி டோக்கியோவுக்கு அனுப்புவார். பிறகு எல்லோரும் இறப்பார்கள். வரிசை முக்கியம். எங்கள் கம்பியில்லாத் தந்தியின் மின்கலம் சாகும் நிலையில் இருந்தது. அதனால் கொஞ்சம் முன்னதாகவே அனுப்பிவிட்டேன்.

*கிளையில் ஒரு பூவும் மிச்சமில்லை;
காற்றே, இனி நீ
யாரைத் தேடுகிறாய்?*

மறுநாள் டோக்கியோ வானொலி அதை வாசித்தது. பின்னணியில் சோக இசை. எங்கள் படை முழுவதும் பூவாய் உதிர்ந்துவிட்டது என்றும், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எழுந்து நின்று அந்த வரிகளைச் சொன்னார்கள் என்றும் அறிவித்தார்கள். நான் உயிரோடு உட்கார்ந்து கேட்டேன். ஒரு கவிஞனுக்கு இப்படி வாய்ப்பது அரிது.

கமேஸோவும் கேட்டான். அப்போது அவனுக்கு வயிற்றுக்கடுப்பு. குகை மருத்துவமனைக்குத் தூக்கிப்போகக் காத்துக் கிடந்தான்.

"ஒரு பூவும் மிச்சமில்லன்னு எழுதிட்டீங்க. பூவுங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா ஐயா?"

அன்று மாலை மருத்துவர் உர்யூ வந்தார். மெலிந்த மனிதர், வணக்கம் வைக்கும்போதுகூடத் தூங்கி விழுவார்.

"ஐயா, நடக்க முடிஞ்சவங்க கடைசித் தாக்குதலுக்குப் போகட்டும். குகையில கெடக்குறவங்களால எழுந்திரிக்கவே முடியாது. வாசல்ல ஒரு வெள்ளத் துணி கட்டிட்டுப் போயிடலாம். எதிரியோட டாக்டருங்க பாத்துப்பாங்க. பொழச்சுக்குவாங்க."

"வானொலி கேட்டீரா?" என்றேன்.

"கேட்டேன். அது கவித. இவங்க மனுஷங்க."

படித்தவர்களே இப்படிப் பேசினால் நாடு எப்படி உருப்படும் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் குகையிலிருந்து ஒருவன் உயிரோடு பிடிபட்டு, அவன் பெயர் வெளியே வந்தால், அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? டோக்கியோ பொய் சொன்னதாகுமே. என் முதல் வரியும் கெட்டுவிடும். பொறுமையாக விளக்கினேன். நஞ்சு கலக்க மாட்டேன் என்றார் அவர். அவரைத் தாக்குதலின் முன்வரிசையில் போட்டேன். துப்பாக்கி பிடித்தறியாதவர்; அதிக நேரம் துன்பப்பட்டிருக்க மாட்டார். டப்பாப் பாலில் கலக்கும் வேலையை அவருடைய உதவியாளர் செய்தார். இருந்த சர்க்கரை முழுவதையும் போடச் சொன்னது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நோயாளிகள் சந்தோஷப்பட்டார்கள். பால் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சிலர் கிண்ணத்தை நெற்றியில் வைத்து நன்றி சொன்னார்கள். கமேஸோவுக்கு மட்டும் நானே எடுத்துப் போனேன். அத்தனை வருடப் பழக்கம்.

அவன் கிண்ணத்தை முகர்ந்தான். டோஃபுக்காரன் மூக்கு.

"இத்தன வருஷம் ஒங்க சோத்த நான்தான மொதல்ல ருசி பாத்தேன். இன்னைக்கு ஒரு நாள் மொறைய மாத்திக்கலாமா ஐயா?"

"எனக்குப் பால் ஒத்துக்காதுடா."

அவன் சிரித்தான். நன்றாகவே சிரித்தான், பக்கத்துப் பாயில் இன்னும் கொஞ்சம் நினைவோடு கிடந்தவன்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கும் இப்பல்லாம் ஒத்துக்கிறதில்லீங்க," என்றான் கமேஸோ. பிறகு குரல் இறங்கியது. "ஊர்ல பொண்டாட்டி டோஃபு வண்டி தள்ளிட்டு இருக்கா ஐயா. வெள்ளத் துணிய மட்டும் கட்டிட்டுப் போயிடுங்க. நான் பேர மாத்திச் சொல்லிக்கிறேன். கமேஸோ உதிர்ந்துட்டான்னே இருக்கட்டும்."

யோசனை மோசமில்லை. ஆனால் கவிதையில் அதற்கு இடமில்லை.

அவன் தானாகவே குடித்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பிடித்திருந்தது உண்மைதான். கை நடுங்கினால் பால் சிந்திவிடும்.

மற்றவர்கள் விடியலில் தாக்குதலுக்குப் போனார்கள். அதன் முடிவை என்னைவிட நீங்கள் அருகிலிருந்து பார்த்தீர்கள்.

நான் ஏன் போகவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள். டோக்கியோவுக்குப் போனது படைக்கான கவிதை. எனக்கென்று தனியாக ஒன்று எழுத வேண்டியிருந்தது. வெள்ளை உடை உடுத்தி, பேரரசரின் அரண்மனை இருக்கும் வடதிசை பார்த்து, வாளை முன்னால் வைத்து உட்கார்ந்தேன். இரண்டு வரி நன்றாக வந்தது. மூன்றாவது வரவில்லை. அரைகுறைக் கவிதையோடு சாவது எங்கள் பண்பாட்டில் இல்லை. உங்கள் ஆட்கள் வந்தபோதும் நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த ஜன்னலிலிருந்து உங்கள் மருத்துவக் கப்பல் தெரிகிறது. தாக்குதலுக்கு முந்தைய நாளே தீவின் முனைக்குப் பின்னால் வந்து நின்றிருந்ததாமே. முழுக்க வெள்ளை. மாலை வெயிலில் அதைப் பார்க்கும்போது அந்த மூன்றாவது வரி கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

காலையில் உங்கள் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் ஒன்று கேட்டார். "ஒரு பூவும் மிச்சமில்லைன்னு எழுதினீங்களே, நீங்க மிச்சம் இருக்கீங்களே?" என்றார். பாவம், கரும்புத் தோட்டத்தில் கவிதை எங்கே கற்றுத்தருகிறார்கள்? கோபப்படாமல் விளக்கினேன். அந்தக் கவிதையில் நான் பூ இல்லை. கிளை.