தெரியாது என்று சொல்ல விடாத பள்ளி

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, இந்தப் பள்ளிக்கு மண் கொடுத்தும் மரம் கொடுத்தும் மனம் கொடுத்தும் வளர்த்த பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, காலையில் ஏலமலை ஏறி, மாலையில் இறங்கி, கால்வலியோடு வந்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவன் என்ற முறையில் பரிசு வழங்க என்னை அழைத்தீர்கள். வாசிப்பில் முதற்பரிசு, ஐந்தாம் வகுப்பு செல்லக்கிளி என்று சற்றுமுன் அறிவித்தார்கள். கைதட்டினீர்கள். செல்லக்கிளி வரவில்லை. ஏன் வரவில்லை? போடி ஆஸ்பத்திரியில் தன் தாய் முனியாயியின் கட்டிலடியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பரிசை நான் தொட மாட்டேன்.

போன மாதம் பள்ளி ஆய்வாளர் வந்தார். செல்லக்கிளி எழுந்தாள், புத்தகத்தை விரித்தாள், மணி மணியாய் வாசித்தாள். வாசித்தாளா? ஒப்பித்தாள்! பாடத்தை மட்டுமல்ல, எந்த வரியில் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தோம். திணறுகிற பிள்ளைகளை என்ன செய்தோம்? விடியும் முன்பே குரங்கணி மலைக்குப் போகும் ஜீப்பில் ஏற்றி, ஏலக்காய் எடுக்க அனுப்பிவிட்டோம். ஆண்டுதோறும் இதுதானே நம் வழக்கம்? பள்ளிக்கு நல்ல பெயர், நமக்கு ஒரு நாள் கூலி. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஐயா. அன்று நாம் எல்லோரும் சேர்ந்துதான் சிரித்தோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முனியாயி மகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். நல்ல தாகம். கொட்டகை ஓரத்தில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர். அதன்மேல் சாக்பீஸால் ஏதோ எழுதியிருந்தது. மருந்தடித்த தோட்டத்தில் எல்லாமே மருந்து வாடைதானே, தண்ணீரின் வாடையை அவள் எப்படிப் பிரித்தறிவாள்? ஆனால் பக்கத்திலே பரிசு வாங்கப் போகிற மகள் நிற்கிறாள். பெருமையாகக் கேட்டாள்: “என்னத்தா எழுதியிருக்கு?”

“பூச்சிமருந்து கலந்தது, குடிக்காதே” என்று எழுதியிருந்தது. பாடப் புத்தகத்தில் இல்லாத எழுத்து. செல்லக்கிளிக்கு வாசிக்க ஓடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டாள். தாய் அள்ளிக் குடித்தாள்.

உயிர் தங்கிவிட்டது, தாய்மார்களே. அழாதீர்கள். நான் போய்ப் பார்த்தபோது, எழுந்து உட்காரக்கூட முடியாத முனியாயி என்னிடம் சொன்னது இதுதான்: “அவள வையாதீக அண்ணே. தெரியலன்னு சொன்னா பள்ளிக்கொடத்துல அடிப்பாகள்ல, அந்தப் பயத்துல சொல்லிட்டா.”

உலகமே குழந்தைகள் ஆண்டு கொண்டாடும் இந்த ஆண்டில், நாம் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம்? எழுத்தைக் கற்றுக்கொடுத்தோமா? இல்லை. எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தோமா? இல்லை. ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் தப்பிக்கக் கற்றுக்கொடுத்தோம். வெட்கமாக இருக்கிறது. இந்த மாலையைக் கழுத்தில் சுமக்க வெட்கமாக இருக்கிறது.

ஆசிரியர் காசிராஜன் எழுந்து நிற்கிறார். உட்காருங்கள், ஐயா. மூன்று வகுப்புக்கு ஒரே ஆசிரியராக உங்களை விட்டுவிட்டு, மேளம் வைத்து விழா நடத்தியவர்கள் நாங்கள். நிற்பதென்றால் இந்த மேடை முழுவதும் எழுந்து நிற்க வேண்டும்.

அடுத்த ஆய்வுக்கு ஒரு பிள்ளையும் ஜீப்பில் ஏறக் கூடாது. திணறட்டும், தடுமாறட்டும், தெரியாது என்று சொல்லட்டும். அந்த அவமானம் ஆய்வாளர் முன்னால் நம் தலையில் விடியட்டும். பிள்ளைகளின் தாய்மார் தலையில் விடிய வேண்டாம்.

நான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது செல்லக்கிளி வராந்தா வரைக்கும் பின்னாலேயே வந்தாள். “திரும்ப ஒண்ணாங்கிளாஸ்ல உக்காந்து படிக்கட்டுமா? அடிக்க மாட்டாகள்ல?” என்று கேட்டாள். அடிக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வேன்?

நாளைக் காலை முதல் பஸ்சில் போடிக்குப் போகிறேன். அவளிடம் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

கசப்பையும் பொறுமையாகக் கேட்ட உங்கள் நல்ல மனங்களுக்கு நன்றி கூறி, குனிந்த தலையோடு வணங்குகிறேன்.