ஆந்தைக்கோட்டையின் சின்ன மணி

கிளாரா: குரூப்புல நான் போட்டத அழிச்சது நீதான?

ஆனந்த்ராஜ்: வந்ததும் வராததுமா... மொதல்ல உக்காரு. ஜெராக்ஸ் கடையச் சாத்திட்டு நேரா வாரேன், மத்தியானம் சாப்புடக்கூட இல்ல. ரெண்டு டீ சொல்றேன். கோச்சிங் கிளாஸ் தொடங்க இன்னும் அரை மணி நேரம் கெடக்கு.

கிளாரா: அட்மின் நீ ஒருத்தன்தான். அழிச்சியா இல்லையா?

ஆனந்த்ராஜ்: அழிச்சேன். என்ன இப்ப? இது ஆந்தைக்கோட்டை கார்ட்டூன் ரசிகருங்க குரூப்பு. எல்லாரும் படம் போடுவாங்க, மீம் போடுவாங்க. நீ ஏழு பக்கம் கட்டுரை போடுற. கார்ட்டூன் பாக்க வந்தவங்களுக்கு குரூப் ஃபோர் கிளாஸ் எடுக்குறியா?

கிளாரா: எம்பத்தாறு பேரு படிச்சிருந்தாங்க. அழியிறதுக்கு முன்னாடி பாத்துக் குறிச்சு வச்சிருக்கேன்.

ஆனந்த்ராஜ்: அதையுமா நோட்டுல எழுதுவ?

கிளாரா: எழுதாட்டி எனக்கே சந்தேகம் வந்துரும். ரொட்டிக்காரி வர்ற அந்த எபிசோட மூணு தடவ பாத்துட்டுத்தான் எழுதுனேன். நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோன்னு இருந்துச்சு. எது தப்புன்னு நீ சொல்லு. அழிச்சது சரின்னு ஒத்துக்கிறேன்.

ஆனந்த்ராஜ்: இங்க வச்சா படிக்கப்போற? டீக்கடைல ஆளுக இருக்காங்க...

கிளாரா: செத்த நேரம் கேளு. "ஆந்தைக்கோட்டையின் காவல்நிலைய வாசலில் இரண்டு மணிகள் தொங்குகின்றன. பொருளைத் தொலைத்தவர்கள் சின்ன மணியை அடிக்க வேண்டும். பொருளைப் பறிகொடுத்தவர்கள் பெரிய மணியை அடிக்க வேண்டும். சின்ன மணி அடித்தால் எழுத்தர் ஓர் ஓலையில் குறித்துக்கொள்வார். அத்துடன் வேலை முடிந்தது. பெரிய மணி அடித்தால் படைத்தலைவி அன்றே ஆந்தை மேல் ஏறித் திருடனைத் தேடப் புறப்பட வேண்டும். அவன் பிடிபடும் வரை கோட்டை வாசலில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்." இம்புட்டுத் தூரம் சரியா?

ஆனந்த்ராஜ்: சரிதான். மொத எபிசோட்லயே காட்டிட்டாங்கல்ல.

கிளாரா: "சிவப்பு விளக்குகள் ஏழைத் தாண்டினால் படைத்தலைவியின் பதவி போய்விடும். ஒரு விளக்குக்கூட எரியாத ஆண்டில் அரசர் அவளுக்கு வெள்ளி இறகு சூட்டுவார். அவள் தலையில் இப்போது பதினோரு இறகுகள் இருக்கின்றன. ஆகவே..."

ஆனந்த்ராஜ்: ஆகவே பெரிய மணிப் பக்கம் ஒருத்தரையும் விட மாட்டா. தெரியிது. கதையே அதான். நீ என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி...

கிளாரா: அவ மேல எனக்குக் கோபம் இல்ல. அவ மொதல்லருந்தே அப்பிடித்தான். எனக்கு ஆத்திரம் நீலன் மேல.

ஆனந்த்ராஜ்: நீலன் மேலயா? அவன் வாசல்ல ஈட்டி பிடிச்சு நிக்கிறவன். ஆந்தை மேல ஏறக்கூட அவனுக்கு உரிமை கெடயாது. அவனப் போயி...

கிளாரா: ரொட்டிக்காரி வாரா. காதுல ரத்தம். எவனோ காதுத் தோட்டப் பிச்சுக்கிட்டு ஓடிட்டான். அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பெரிய மணிக்கயிறு எதுப்பான்னு நீலன்கிட்ட கேக்குறா. அவன் அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, சின்ன மணிக் கயித்துல வைக்கிறான். பதமா வைக்கிறான். அவ அவனுக்கு நன்றி சொல்றா. அதத்தான் என்னால தாங்க முடியல.

ஆனந்த்ராஜ்: மேல சன்னல்ல படைத்தலைவி நின்னு பாக்குறா. அவன் என்ன செய்வான்?

கிளாரா: கையப் பிடிக்காம இருந்திருக்கலாம்.

ஆனந்த்ராஜ்: பேசுறது லேசு. மறுநாள் அவனுக்கு வேல இருக்காது. படுக்கைல கெடக்குற ஆத்தாளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா? அத யோசிச்சியா நீ?

கிளாரா: நீலனுக்கு ஆத்தா கெடயாது.

ஆனந்த்ராஜ்: கெடயாதா?

கிளாரா: ரெண்டாவது எபிசோட். "எனக்கு யாருமில்லை"ன்னு அவனே சொல்றான். பக்கம் நாலுல எழுதி வச்சிருக்கேன். நீ எந்த ஆத்தாளச் சொல்ற?

ஆனந்த்ராஜ்: வேற ஏதோ கார்ட்டூன்ல... மாத்திச் சொல்லிட்டேன். டீ ஆறுது, குடி.

கிளாரா: எங்கம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருக்கு. தெரியுமா உனக்கு?

ஆனந்த்ராஜ்: இல்லையே... எப்ப?

கிளாரா: போன வியாழக்கிழம. சாணார்பட்டி ரோட்டோரமா நடந்து வந்துக்கிட்டு இருந்தாங்க. பைக்குல ரெண்டு பேரு. பின்னால இருந்தவன் செயினப் பிடிச்சு இழுத்துட்டான். அது அறுகிற வரைக்கும் அம்மாவையும் சேத்து இழுத்துட்டுப் போயிருக்கானுக. வலது கை போச்சு. கழுத்தச் சுத்தி சாட்டையால அடிச்ச மாதிரி ஒரு கோடு. இன்னும் தலையத் திருப்ப முடியல.

ஆனந்த்ராஜ்: ஸ்டேஷனுக்கு... போனாங்களா?

கிளாரா: ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுட்டுத் தனியாப் போயிருக்காங்க. நான் ஜவுளிக்கடைல வேலைல இருந்தேன், எனக்குச் சொல்லவே இல்ல. வாயால சொன்னா ஆகாது, வெளிய போயி மனு எழுதிட்டு வாம்மான்னு அனுப்பிட்டாங்க. அம்மாவுக்குப் பேரு மட்டுந்தான் எழுதத் தெரியும். அன்னைக்கு அதுக்கும் கை இல்ல. யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க, அம்மா இடது கைப் பெருவிரல வச்சிருக்காங்க. என்ன எழுதியிருக்குன்னு கேளு. "பேருந்தில் பயணம் செய்தபோது எனது கவனக்குறைவால் சங்கிலி தொலைந்துவிட்டது." கவனக்குறைவு. அன்னைக்கு எங்கம்மா பஸ்ஸுலயே ஏறல, ஆனந்து.

ஆனந்த்ராஜ்: எங்கயும் அப்பிடித்தான் கேப்பாங்க. பறிச்சுட்டுப் போனான்னு எழுதுனா கேஸ் போடணும். போட்டா ஆளப் பிடிக்கணும். தொலைஞ்சுபோச்சுன்னா ஒரு ரசீதக் கிழிச்சுக் குடுத்தாப் போதும்...

கிளாரா: சின்ன மணி.

ஆனந்த்ராஜ்: ஆமா. சின்ன மணி.

கிளாரா: நாளைக்குப் பெரிய போலீஸ் ஆபீஸ்ல மனு வாங்குற நாள். அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். அவங்க கேக்கப்போற மொதக் கேள்வி எனக்குத் தெரியும். தொலைஞ்சுபோச்சுன்னு ரேகை வச்சுக் குடுத்துட்டு இப்ப மாத்திப் பேசுறியேம்மான்னு கேப்பாங்க. அம்மா அன்னைக்கு வாயால என்ன சொன்னாங்கன்னு கேட்டது அந்த மனுவ எழுதுன ஆளு ஒருத்தன்தான். அவன் எழுதிக் குடுத்தா நிக்கும். இல்லன்னா எங்கம்மா பொய் சொல்றாங்கன்னு ஆயிரும்.

ஆனந்த்ராஜ்: அவன எங்க போயித் தேடுவ? மனு எழுதுறவங்க எத்தனையோ பேரு.

கிளாரா: நான் தேடலையே.

ஆனந்த்ராஜ்: கிளாரா...

கிளாரா: இது மனுவோட நகல். அம்மா செபப் புஸ்தகத்துக்குள்ள மடிச்சு வச்சிருந்தாங்க. இது நீ எனக்குக் குடுத்த வரலாறு நோட்ஸ். நாலு நாளா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன். வரிய மேல தூக்கி எழுதுறது, ழகரத்துக்கு வால நீட்டுறது, எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. அப்பவும் எனக்கு நம்பிக்க வரல. கையெழுத்து ஒத்துப்போறது ஒலகத்துல இல்லாததான்னு நெனச்சேன்.

ஆனந்த்ராஜ்: அப்ப அந்தக் கட்டுரை...

கிளாரா: உனக்காகத்தான் போட்டேன். நீ அழிக்காம விட்டிருந்தா, நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்னு நோட்ட மூடியிருப்பேன்.

ஆனந்த்ராஜ்: ஜெராக்ஸ் கடை ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல இருக்கு, மனுவும் நாந்தான் எழுதுவேன். ஆள அனுப்புறதுக்கு முன்னாடியே ஏட்டு போன் போட்டு இப்பிடி எழுதுன்னு சொல்லிருவாரு. மாட்டேன்னு சொன்னா ஓனர்கிட்ட வேற பையன வைக்கச் சொல்லுவாரு. எங்க ஆத்தா படுக்கைய விட்டு எந்திரிச்சு ஒரு வருசம் ஆச்சு...

கிளாரா: தெரியும். கொஞ்சம் முன்னாடி சொன்ன.

ஆனந்த்ராஜ்: உங்கம்மான்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது. இஞ்ஞாசியம்மாள்னு பேரு எழுதுறப்பக்கூட...

கிளாரா: வேற யாரு அம்மாவா இருந்தா எழுதலாமா? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அம்மா பயந்துக்கிட்டு அவங்களே தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருப்பாங்களோ? கழுத்துல துண்டு சுத்தியிருந்தாங்க. நீ காயத்தப் பாக்காம எழுதியிருக்கலாம். அப்பிடின்னா அப்பிடியே சொல்லிரு, நான் போயிர்றேன். இல்லன்னா... இந்தா வெள்ளைத்தாள்.

ஆனந்த்ராஜ்: இழுத்துட்டுப் போயிட்டான்யான்னு துண்ட அவங்களே வெலக்கிக் காட்டுனாங்க. அந்தக் கழுத்துக் கோட்டப் பாத்துக்கிட்டேதான் கவனக்குறைவுன்னு எழுதுனேன்... பேனாவக் குடு.