மருந்துக்குப் பதிலாக இரண்டு இறால்

"றாலைக் கூலிக்குப் புடிச்சிட்டுப் போற பொம்புள நீ ஒராள்தான் புள்ள."

தொண்ணூறுகளின் நடுவில், பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு வந்த பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்த அக்கா தன் தங்கைக்குச் சொன்னது இது. தங்கையின் மடியில் கடல்தண்ணீர் நிறைத்த ஒரு பொலித்தீன் பை. அதற்குள் சிவப்புக் கோடு போட்ட இரண்டு சின்ன இறால்கள்.

"மீன் தொட்டிக்குள்ள பூ மாதிரி ஒரு பூச்சி முளைச்சிரிக்கி ராத்தா. பவளத்தையெல்லாம் சுட்டுக் கொல்லுது. இந்த றால் அதத் தின்னும்."

"வயலுக்கு அடிக்கிற மருந்துல ஒரு மூடி ஊத்தன். பூச்சி முடிஞ்சிது."

"மீனும் முடிஞ்சிரும். அவர் சவூதிக்குப் போகக்குள்ள உட்டுட்டுப் போனதுல ரெண்டுதான் மிச்சம்."

"புருசன் பக்கத்துல இல்லண்டு மீனோட கதைக்காய். ஊரே சிரிக்கி. போன முற ஒரு மீன வாங்கி உட்டாய். அது பூச்சிய உட்டுட்டுப் பவளத்தத் திண்டிச்சி. இந்த றாலும் திண்டா?"

"வேற ஒன்டத் தேடுவன்."

"தேடு, தேடு. கடசில நீதான் தொட்டிக்குள்ள இறங்கணும்."

அக்கரைப்பற்றில் பஸ் சடுதியாக நின்றது. பை நழுவியது. அக்கா இரண்டு கையாலும் அதை ஏந்திப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"புடிக்கவே தெரியா, வளக்க வந்திட்டா."

காரைதீவு தாண்டியதும் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"புள்ள, ஒன்டு அசையிதில்லயே."

"பயந்து போய் இரிக்கி. கொஞ்சம் காத்து உடுங்க."

அக்கா முடிச்சை அவிழ்த்து, பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"செத்தா எனக்கென்ன" என்றாள். கல்முனை வரும்வரை அந்தப் பையை அவள் ஆடவிடவில்லை.